குறைந்த எடை, பட்டை இறுக்கம், கால் பலம்: ரத்த ஓட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி ஓர் அறிமுகம்

மூட்டு ஜவ்வு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆனவரின் இரண்டு தொடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுவை நடந்த பக்கம் முட்டிக்கு மேலே, உள்பக்கமாக, கண்ணீர்த்துளி வடிவில் புடைத்திருக்க வேண்டிய தசை குழிந்து கிடக்கும். அந்த முன்தொடைத் தசைதான் படி ஏறும்போது உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது பிரேக் பிடிக்கிறது. நாற்காலியிலிருந்து எழுப்பி விடுகிறது. அது இளைத்தால் முட்டி எவ்வளவு நன்றாகச் சரிசெய்யப்பட்டிருந்தாலும் நடை தள்ளாடும்.

தசைக்குப் பலம் ஏற்றப் பழைய வழி ஒன்று உண்டு. ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய அதிகபட்ச எடை எவ்வளவோ, அதில் 70 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்துப் பயிற்சி செய்ய வேண்டும். 40 கிலோ அதிகபட்சம் என்றால் 28 கிலோ. ஆரோக்கியமான முட்டிக்கு இது சரி. புதிதாக ஜவ்வு பொருத்திய முட்டிக்கும், தேய்ந்து வலிக்கும் 65 வயது முட்டிக்கும் 28 கிலோவைக் கொடுக்க முடியாது. 10 கிலோ கொடுத்தால் மூட்டு தாங்கும், ஆனால் தசை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. மூட்டு தாங்கும் எடை தசைக்குப் போதவில்லை, தசைக்குப் போதும் எடையை மூட்டு தாங்கவில்லை. இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் ரத்த ஓட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி. பிசியோதெரபி நிலையங்களில் பி.எஃப்.ஆர். (பிளட் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்ஷன்) என்றே சொல்கிறார்கள்.

தொடையின் மேல்முனையில் காற்றடிக்கும் பட்டை ஒன்றைக் கட்டி, காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைப் பெருமளவு தேக்கி, காலுக்குள் வரும் ரத்தத்தை ஓரளவு குறைத்து, அந்த நிலையில் மிகக் குறைந்த எடையோடு பயிற்சி செய்வது. அதிகபட்ச எடையில் 20 முதல் 30 சதவீதமே போதும், 40-ஐத் தாண்டத் தேவையில்லை.

ஜப்பானில் ஒரு மரத்துப்போன கால்

1966-இல் யோஷியாகி சாட்டோ என்ற ஜப்பானிய இளைஞர் ஒரு பௌத்தச் சடங்கில் மண்டியிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கால் மரத்து, கெண்டைக்கால் விம்மியது. கடுமையாக உடற்பயிற்சி செய்தபின் வரும் அதே விம்மல். ரத்தம் தேங்கியதுதான் காரணமோ என்ற சந்தேகம் அவரை விடவில்லை. சைக்கிள் டியூபும் கயிறுமாகத் தன் உடம்பிலேயே சோதித்தார். 1973-இல் பனிச்சறுக்கில் கணுக்கால் முறிந்து மாவுக்கட்டில் இருந்தபோதும் தொடையில் பட்டை கட்டி விட்டு விட்டு இறுக்கினார். தசை எதிர்பார்த்த அளவு இளைக்கவில்லை. இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் காட்சு. ஜப்பானிய மொழியில் அழுத்தம் கூட்டுதல் என்று பொருள்.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. ஆரம்பக் காலத்தில் அளவு தெரியாமல் இறுக்கியதில் சாட்டோவுக்கே நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தது. கண்டுபிடித்தவருக்கே நேர்ந்தது அது. வீட்டில் கிடக்கும் டியூபை எடுத்துத் தொடையில் சுற்றலாம் என்று நினைக்கும் யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான். இந்தப் பயிற்சியின் பலனும் ஆபத்தும் எவ்வளவு இறுக்குகிறோம் என்ற ஒரே எண்ணில்தான் இருக்கின்றன.

உள்ளே என்ன நடக்கிறது

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு எளிதில் புரியும். தண்ணீர் வரும் மடை திறந்திருக்கிறது. வடியும் மடையை முக்கால்வாசி அடைத்துவிட்டோம். வயல் நிரம்பும். தொடையிலும் அப்படித்தான். சிரைகளின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு, அதனால் பட்டையின் லேசான இறுக்கத்துக்கே மடங்கிவிடும். தமனியின் சுவர் தடித்தது, உள்ளே இதயம் தள்ளும் அழுத்தம் இருக்கிறது. ஆகவே குறுகினாலும் ஓட்டம் நிற்காது. பட்டைக்குக் கீழே ரத்தம் வந்துகொண்டே இருக்கும், போவது மட்டும் தடைப்படும்.

தசையில் இரண்டு வகை நார்கள் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மெதுவான நார்கள் களைக்காமல் நெடுநேரம் உழைக்கும், ஆனால் விசை குறைவு. வேகமான நார்கள் விசை மிகுந்தவை, பயன்படுத்தினால் நன்கு தடிக்கும். ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். நரம்பு மண்டலம் சிக்கனக்காரன். லேசான வேலைக்கு மெதுவான நார்களை மட்டுமே அழைக்கும். எடை கூடும்போதுதான் வேகமானவற்றை எழுப்பும். அதனால்தான் 10 கிலோவைச் சாதாரணமாகத் தூக்கினால் பெரிய நார்கள் தூங்கிக்கொண்டே இருக்கின்றன.

பட்டை கட்டியபின் கதை மாறுகிறது. ஆக்ஸிஜனை நம்பி ஓடும் மெதுவான நார்களுக்கு ஆக்ஸிஜன் தட்டுப்பாடு. லாக்டேட், ஹைட்ரஜன் அயனி, பாஸ்பேட் போன்ற கழிவுகள் வெளியேற வழியின்றித் தேங்குகின்றன. சில பத்து அசைவுகளுக்குள் மெதுவான நார்கள் ஓய்ந்துபோக, அதே 10 கிலோவைத் தூக்க நரம்பு மண்டலம் வேகமான நார்களை அழைத்தே ஆக வேண்டிய நிலை வருகிறது. கூடவே தசை அணுக்களுக்குள் நீர் புகுந்து வீங்குகிறது. அந்த வீக்கமும் புரதம் கட்டும் வேலைக்குத் தூண்டுதல் என்று கருதப்படுகிறது. பயிற்சியின்போது வளர்ச்சி ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது என்பதை முன்பு பெரிதாகச் சொன்னார்கள். அந்தச் சிறுநேர ஏற்றத்தால் தசை வளர்கிறது என்று இப்போது பெரும்பாலானோர் கருதுவதில்லை. விளம்பரத்தில் ஹார்மோனை முன்னே நிறுத்தினால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் படம் தெளிவு. தசையின் பருமனைப் பொறுத்தவரை கனமான எடைப் பயிற்சிக்கு ஏறக்குறைய சமமான பலன். பலத்தைப் பொறுத்தவரை கனமான எடைதான் இன்னும் முன்னே. பட்டை இல்லாமல் அதே குறைந்த எடையைத் தூக்குவதைவிட பட்டையோடு தூக்குவது நிச்சயம் மேல். ஆகவே கனமான எடையைத் தூக்க முடிகிறவர் அதையே செய்யட்டும். முடியாத காலத்துக்கான பாலம் இது.

பட்டையும் எண்ணும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

இணையத்தில் 150-க்கு ஏற்றுங்கள், 200-க்கு ஏற்றுங்கள் என்று எண்கள் சுற்றுகின்றன. பாதரச மில்லிமீட்டர் கணக்கில் அப்படி எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. தொடையின் சுற்றளவு கூடினால் கூடுதல் அழுத்தம் வேண்டும். ரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளவருக்கும் அப்படியே. எல்லாவற்றையும்விடப் பட்டையின் அகலம் கணக்கை அடியோடு மாற்றும். ஒரே ஆட்களின் தொடையில் அளந்த ஓர் ஆய்வில், தமனி ஓட்டம் முழுதாக நிற்க 13.5 செ.மீ. அகலப் பட்டைக்குச் சராசரியாக 144 மி.மீ. போதுமாக இருந்தது, 5 செ.மீ. பட்டைக்கு 235 வேண்டியிருந்தது. குறுகிய பட்டைக்காக யாரோ சொன்ன 200-ஐ அகலமான பட்டையில் ஏற்றினால் காலுக்கு ரத்தமே போகாது. நடக்கும் தவறுகளில் மிக மோசமானது இதுதான்.

ஆகவே முதலில் உங்கள் காலில், உங்கள் பட்டையில், ஓட்டம் முழுதாக நிற்கும் அழுத்தம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். அதை முழுஅடைப்பு அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது அதில் 40 முதல் 80 சதவீதம்.

அளக்கும் விதம் இது. பத்து நிமிடம் அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டும். பட்டையைத் தொடையின் மேல்முனையில், கவட்டை மடிப்புக்குச் சற்றுக் கீழே, மெல்லிய துணியின் மேல் சுற்ற வேண்டும்; காற்றுக் குழாய் வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். பட்டை சுருங்கி மடியாமல் சீராகப் படிந்து, இடையில் ஒரு விரல் நுழையும்படி இருந்தால் சரி. உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவியின் முனையைச் சாய்த்து வைத்தால் ‘ஷ்ஷ்… ஷ்ஷ்…’ என்று துடிப்பு கேட்கும். தெளிவாகக் கேட்கும் இடம் கிடைத்ததும் கையை அசைக்கக் கூடாது. 50 மி.மீ. வரை ஏற்றிவிட்டு, பிறகு பத்துப் பத்தாக, ஒவ்வொரு படியிலும் சில நொடி நிறுத்தி ஏற்ற வேண்டும். சத்தம் மெலிந்து, விட்டு விட்டு வந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, மெல்லக் காற்றை இறக்கி, சத்தம் திரும்பும் எண்ணையும் பார்க்க வேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால் அளவு நம்பத்தக்கது. இல்லையென்றால் பட்டையை முழுதாகத் தளர்த்தி, சில நிமிடம் விட்டு, மறுபடி.

180-இல் சத்தம் நின்றது என்று வைத்துக்கொண்டால் 60 சதவீதம் 108, 80 சதவீதம் 144. புதியவருக்கு முதல் வாரம் 50 சதவீதமே, அதாவது 90.

படுத்த நிலையில் வரும் எண்ணைவிட உட்கார்ந்தால் கூடும், நின்றால் இன்னும் கூடும். எந்த நிலையில் பயிற்சியோ அந்த நிலையில்தான் அளக்க வேண்டும். அறுவைக்குப் பின் வீக்கம் வற்றும்போது தொடைச் சுற்றளவு மாறும். எனவே இரண்டு வாரத்துக்கொரு முறை திரும்ப அளப்பது நல்லது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் கால்விரலில் மாட்டி அளக்கலாம் என்ற யோசனையும் இணையத்தில் உண்டு. கைக்கு அது ஓரளவு ஒத்துவருகிறது. காலுக்கு நம்பகமாக இல்லை. தானே அளந்து, பயிற்சியின்போதும் அழுத்தத்தைத் தானே ஒரே அளவில் வைக்கும் கருவிகள் உண்டு. விலை கூடுதல், ஆனால் தசை சுருங்கி விரியும்போது பட்டைக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதை அவை சமன்செய்கின்றன.

உடற்பயிற்சிக் கூடங்களில் எலாஸ்டிக் பட்டையைச் சுற்றி, பத்துக்கு ஏழு இறுக்கமாகத் தோன்றினால் சரி என்று சொல்வதுண்டு. ஆரோக்கியமான இளைஞருக்கு அது ஒத்துவரலாம். நேற்றைய ஏழும் இன்றைய ஏழும் ஒன்றா என்று யாராலும் சொல்ல முடியாது. அறுவை நடந்த காலுக்கும், வயதானவர்களுக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் அந்த ஊகம் வேண்டாம். கைக்கான பி.பி. மெஷின் பட்டையும் உதவாது: தொடையைச் சுற்றிவரப் போதாது, தசை விம்மும்போது ஒட்டு பிய்த்துக்கொள்ளும்.

பட்டையை முட்டிக்கு அருகிலோ கெண்டைக்காலிலோ கட்டக் கூடாது. முட்டியின் வெளிப்பக்கத்தில் நரம்பு தோலுக்கு மிக அருகில் எலும்பை ஒட்டி ஓடுகிறது. அங்கே நசுங்கினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். தொடை மேல்முனையில் நரம்புகளுக்குத் தசையின் மெத்தை இருக்கிறது.

எடையைக் கணக்கிடுவது

நோயுற்ற காலில் அதிகபட்ச எடையைச் சோதிக்கவே கூடாது. நல்ல காலில், பத்துப் பதினைந்து முறை தூக்க முடிகிற எடையை எடுத்துக் கணக்குப் போடலாம். எளிய சூத்திரம்: தூக்கிய எடை × (1 + முறைகள் ÷ 30). உட்கார்ந்தபடி முட்டியை நீட்டி எடை தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தில் நல்ல காலால் 30 கிலோவை 10 முறை நீட்ட முடிந்தது என்றால் 30 × 1.33 = சுமார் 40 கிலோ. அதில் 20 சதவீதம் 8 கிலோ, 30 சதவீதம் 12 கிலோ. நோயுற்ற காலுக்கு 8-இல் தொடங்குங்கள்.

இயந்திரம் இல்லாவிட்டால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்தல், 10 செ.மீ. படியில் ஏறி இறங்குதல், குதிகால் உயர்த்துதல், காலை மடக்காமல் படுத்தபடி தூக்குதல். இவற்றில் உடம்பின் எடையே சுமை. நாற்காலியிலிருந்து எழுவது பலவீனமான காலுக்கு 30 சதவீதத்தைவிட அதிகமான சுமையாகக்கூட இருக்கும். இருக்கையின் மேல் தலையணை வைத்து உயர்த்தினால் சுமை குறையும்.

ஒரு நாள் பயிற்சி, நொடிக்கணக்கில்

பட்டை இல்லாமல் ஐந்து நிமிடம் நடையோ சைக்கிளோ. பிறகு இயந்திரத்தில் உட்கார்ந்து, ஒரு காலில் மட்டும் பட்டை. 60 சதவீத அழுத்தம்.

முதல் சுற்று 30 முறை. இரண்டு நொடியில் நீட்டி, இரண்டு நொடியில் இறக்குதல். 30 நொடி ஓய்வு. இந்த ஓய்வில் காற்றை இறக்க வேண்டியதில்லை. அடுத்து 15, ஓய்வு 30 நொடி, 15, ஓய்வு, 15. மொத்தம் 75 முறை. கூட்டிப் பார்த்தால் ஆறரை நிமிடம். உடனே காற்றை முழுதாக இறக்கிவிட வேண்டும். இரண்டாவது பயிற்சி செய்வதாக இருந்தால் நடுவில் மூன்று முதல் ஐந்து நிமிடம் பட்டை தளர்ந்தே இருக்கட்டும். ஒரு நாளில் ஒரு காலுக்கு இரண்டு அல்லது மூன்று பயிற்சி போதும்.

எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பயம் குறையும். முதல் பதினைந்து முறை ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். இவ்வளவு சின்ன எடையா என்று தோன்றும். இருபதை நெருங்கும்போது முன்தொடையில் சூடு பரவும். முப்பதில் எரிச்சல். முப்பது நொடி ஓய்வில் அந்த எரிச்சல் வழக்கம்போல் அடங்காது, ஏனென்றால் கழிவு வெளியேற வழியில்லை. இரண்டாம் சுற்றில் எட்டாவது முறையிலேயே கால் கனக்கும். மூன்றாவது, நான்காவது சுற்றில் 8 கிலோ 30 கிலோ போல் இருக்கும். காற்றை இறக்கியதும் கால் முழுக்கக் குபுகுபுவென்று வெதுவெதுப்பு பாயும். ஒரு நிமிடத்தில் எரிச்சல் போய்விடும்.

கீழே தோல் கொஞ்சம் சிவந்தோ கருஞ்சிவப்பாகவோ மாறுவதும், சிரை புடைத்துத் தெரிவதும் இயல்பு. வெளிறிப் போவது, சில்லிடுவது, சாம்பல் நீலமாவது இயல்பு அல்ல. கால் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு மூன்று நொடிக்குள் சிவக்க வேண்டும். தாமதித்தால் தமனியும் அடைபட்டிருக்கிறது, காற்றைக் குறையுங்கள். பாதம் மரத்தாலோ ஊசி குத்துவது போல் இருந்தாலோ அந்த நொடியே இறக்கிவிடுங்கள். எண்ணிக்கையை முடித்துவிட்டு இறக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். எரிவது தசையில் இருக்கட்டும், மரப்பது நரம்பில் வேண்டாம்.

மூச்சை அடக்காதீர்கள். இந்தப் பயிற்சியில் ரத்த அழுத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஏறும். மூச்சடக்கினால் இன்னும் ஏறும். காற்றை இறக்கியதும் சட்டென்று எழுந்து நின்றால் தலை சுற்றி விழக்கூடும். இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை ஆட்டிவிட்டு எழுங்கள்.

75-ஐ முடிக்க முடியாவிட்டால்? முதல் சுற்றில் 20-ஐக்கூடத் தொடவில்லை என்றால் எடை அதிகம். முதல் சுற்று முடிந்து மூன்றாவதில் நின்றால் அழுத்தத்தை 10 சதவீதம் குறைத்துப் பாருங்கள், அல்லது ஓய்வை 45 நொடி ஆக்குங்கள். அதற்கும் தாங்காவிட்டால் ஓய்வில் காற்றை இறக்கி மறுபடி ஏற்றலாம். பலன் கொஞ்சம் குறையலாம், ஆனால் தொடர்ந்து வருபவருக்குத்தானே பலன் கிடைக்கும். மாறாக, 75-உம் இலகுவாக முடிந்தால் பலரும் செய்வது பட்டையை இன்னும் இறுக்குவது. அது தவறு. 80 சதவீதத்துக்கு மேல் வலிதான் கூடுகிறது. எடையை ஒரு கிலோ கூட்டுங்கள். 20 சதவீத எடையோடு பயிற்சி செய்பவருக்கு 80-ஐ ஒட்டிய அழுத்தம் உதவும். 30, 40 சதவீத எடையை எட்டியவருக்கு 40, 50 சதவீத அழுத்தமே போதும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். தினமும், ஏன் ஒரு நாளில் இரண்டு வேளைகூடச் செய்யும் திட்டங்கள் உண்டு. அவை ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று வாரத்துக்குத்தான், மேற்பார்வையோடு.

எடையே தூக்க முடியாதவருக்கும், நடை மட்டும் முடிந்தவருக்கும்

அறுவைக்குப் பிந்தைய முதல் நாட்களில் பலருக்குத் தசையைச் சரியாகச் சுருக்கவே முடியாது. அப்போது படுத்தபடி ஐந்து நிமிடம் காற்றேற்றி, மூன்று நிமிடம் இறக்கி, ஐந்து முறை திரும்பச் செய்தால் தசை இளைப்பது குறைகிறது என்று 2000-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது. பலம் ஏறாது, இழப்பு குறையும். இது மருத்துவமனையில், அறுவை செய்த மருத்துவரின் ஒப்புதலோடு மட்டும் செய்ய வேண்டியது.

நடைப்பயிற்சிக்கும் இதைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் இளைஞர்கள் தொடையில் பட்டையோடு நிமிடத்துக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நடந்தார்கள். இரண்டு நிமிட நடை, ஒரு நிமிட ஓய்வு, ஐந்து முறை; நாளுக்கு இரு வேளை, வாரத்துக்கு ஆறு நாள். மூன்று வாரத்தில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு 4 முதல் 7 சதவீதமும், பலம் 8 முதல் 10 சதவீதமும் கூடின. பட்டை இல்லாமல் அதே நடையை நடந்தவர்களுக்கு மாற்றம் இல்லை. கடைத்தெருவில் பராக்குப் பார்த்துக்கொண்டு போகும் வேகம்தான் மணிக்கு 3 கி.மீ.

யாருக்கு வேண்டாம்

காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், நெருங்கிய உறவினருக்கு வந்தவர்கள், கர்ப்பிணிகள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், காலில் தமனி அடைப்பு உள்ளவர்கள், சுருள் சிரை முற்றியவர்கள், அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், காலில் ஆறாத புண்ணோ தொற்றோ உள்ளவர்கள், கவட்டையில் நிணநீர்க் கணு அகற்றப்பட்டவர்கள் ஆகியோர் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் தொடவே கூடாது. கருத்தடை மாத்திரை எடுப்பவரும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிப்போயிருக்கும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பவர்கள் உண்டு. இந்தப் பயிற்சியின் பாதுகாப்பு முழுக்க மரத்துப்போனால் உடனே நிறுத்து என்ற எச்சரிக்கையை நம்பியிருக்கிறது. அந்த எச்சரிக்கை மணி ஏற்கெனவே அறுந்துபோன காலில் பட்டை கட்டுவதற்கு முன், பாத உணர்ச்சியையும் பாதத் துடிப்பையும் சோதித்தே ஆக வேண்டும்.

ஜப்பானில் சுமார் 12,600 பேரிடம் எடுத்த கணக்கில், 100-க்கு 13 பேருக்குத் தோலடியில் ரத்தம் கன்றியது, 1.3 பேருக்கு மரத்தது. சிரையில் ரத்தக்கட்டி 0.055 சதவீதம். அளவோடு, தெரிந்தவர் கையில் செய்தால் ஆபத்து குறைவுதான். ஆனாலும் இரண்டு அறிகுறிகளை மனதில் வையுங்கள். பயிற்சிக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ தொடை கல்போல் இறுகி, தாங்க முடியாத வலியோடு, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள், அன்றைக்கே மருத்துவமனை. பெரும்பாலும் முதல் நாளிலேயே ஆர்வத்தில் முடியாத வரை செய்தவர்களுக்கு வருவது இது. அதனால்தான் முதல் இரண்டு நாள் 30-உம் 15-உம் என்று இரண்டு சுற்றோடு நிறுத்தச் சொல்கிறோம். மற்றது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிப்பது. கூடவே மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸ்தான்.

எப்போது கழற்றி வைப்பது

பயிற்சி முடிந்த உடனே தொடையை அளந்து மகிழ வேண்டாம். அது ரத்தமும் நீரும் தேங்கிய வீக்கம். வாரம் ஒரு முறை, காலையில், பயிற்சிக்கு முன், முட்டிச்சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் கோடு போட்டு, டேப்பை இறுக்காமல் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு 30 நொடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறது என்ற எண்ணையும். எழும் எண்ணிக்கை இரண்டு மூன்று வாரத்திலேயே கூடத் தொடங்கும். டேப் அசைய நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும். முதலில் கற்றுக்கொள்வது நரம்பு, பிறகுதான் தசை தடிக்கிறது.

மூட்டில் வீக்கமும் வலியும் இல்லாமல் 40 சதவீத எடை பழகிவிட்டால், வாரத்தில் ஒரு நாளைப் பட்டை இல்லாத நாளாக்கி, 50, 60 என்று எடையை ஏற்றிப் பாருங்கள். மறுநாள் முட்டி வீங்கவில்லை என்றால் இரண்டு நாள். 70 சதவீதத்தை மூட்டு அமைதியாகத் தாங்கும் நாளில் பட்டையை மடித்து உறையில் வைத்துவிடலாம். வைக்கும் முன் காற்றை முழுதாக வெளியேற்றி, வியர்வையை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் காற்றுப்பை விறைத்து விரிசல் விடும். அடுத்த முறை அதை எடுக்கும்போது தொடையும் பட்டையும் பழைய மாதிரி இருக்காது என்பதால், முழுஅடைப்பு அழுத்தத்தை மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.